கொடியில் காய்வதும் பீரோவில் கிடப்பதும்: கையால் தைத்துக் கொடுக்கும் குழந்தைப் பொருள்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் வெள்ளிக் கொலுசோ கடையில் வாங்கிய சட்டைப் பெட்டியோ கொண்டு போவதே பொதுவான வழக்கம் என்றாலும், வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருப்பவர்களில் பலர் ஜப்லா, நாப்கின், தோள் துணி, பிப் எனப்படும் கழுத்துத் துணி, விரிப்பு முதலியவற்றைத் தாமே தைத்துக் கொடுக்கும் பழக்கத்துக்கு மெல்லத் திரும்பியிருக்கிறார்கள். உறவினர் வீடுகளுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் இவ்வாறு தைத்துக் கொடுத்து வருபவள் என்ற முறையில், இந்தப் பொருள்களில் எவை உண்மையாகவே பயன்படுகின்றன, எவை பார்த்து மகிழ்ந்த பின் பீரோவுக்குள் போய்விடுகின்றன, இவற்றுக்கென்று கடைகளில் விற்கப்படும் துணி, நாடா, பொத்தான் ஆகியவற்றில் எது கொடுத்த காசுக்குத் தகும் என்பதை இங்கே மதிப்பிட முயல்கிறேன். என் அளவுகோல் எளியது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆன பிறகு அந்த வீட்டுக்குப் போகும்போது நான் கொடுத்த பொருள் துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்தால் அது தேறிய பரிசு. "அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் அக்கா" என்று தாய் சொன்னால் அது தேறவில்லை.

எல்லாவற்றுக்கும் முதலில் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பரிசின் தரத்தில் முக்கால் பங்கு அங்கேயே முடிவாகிவிடுகிறது. இந்த மதிப்பீட்டில் நான் முதலிடம் கொடுப்பது வெள்ளை மல் துணிக்கு. நுண்ணிய நூலில் நெருக்கமின்றி நெய்யப்படும் இந்தத் துணி காற்றைத் தாராளமாக உள்ளே விடுகிறது. நம் வெயிலில் குழந்தையின் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வேர்க்குரு வருவதற்குக் காரணமான அடைப்பு இதில் மிகக் குறைவு. அதைவிட முக்கியமானது, ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் துவாலைத் துணி இரண்டு நாள் ஆனாலும் ஈர வாடையோடு தொங்கிக்கொண்டிருக்கும்போது, மல் துணி மின்விசிறிக் காற்றிலேயே ஒரு இரவுக்குள் உலர்ந்துவிடும். பிள்ளை பெற்ற வீட்டில் துணி எவ்வளவு வேகமாகக் காய்கிறது என்பதே எவ்வளவு துணி தேவை என்பதைத் தீர்மானிக்கிறது. பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய வேட்டியையும் பலமுறை துவைத்த நூல் சேலையையும் கிழித்துப் பயன்படுத்திய நம் பாட்டிமார் இதைத்தான் கைப்பழக்கமாக அறிந்திருந்தார்கள். பலநூறு துவைப்புக்குப் பிறகு பருத்தி அடையும் அந்த மென்மைக்கு மிக அருகில் வரும் புதுத்துணி மல் ஒன்றே.

மல்லில் குறைகள் இல்லாமல் இல்லை. கடையில் தொட்டுப் பார்க்கும்போது மொடமொடவென்று கனமாகத் தெரிவது பெரும்பாலும் கஞ்சிப் பசையே. வெந்நீரில் ஊறவைத்து அலசினால் தண்ணீர் வழவழப்பாகிக் கலங்கும், துணி பாதியாக மெலிந்ததுபோல் இருக்கும். ஆகவே வாங்கும்போதே ஒரு மூலையை விரலால் நன்றாகக் கசக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பசை உதிர்ந்த இடத்தில் நூல்கள் வலைபோல் விலகி நின்றால் அந்தத் துணி நாப்கினுக்கு உதவாது, கொசுவலைக்குத்தான் உதவும். இரண்டாவது குறை, முதல் துவைப்பில் அது சுருங்கும், அதுவும் நீளவாக்கில் கூடுதலாகச் சுருங்கும். வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்து அலசி உலர்த்தித் தேய்த்துக்கொள்ளாமல் தைத்த ஜப்லா, ஒரே வாரத்தில் தோளுக்கு மேல் ஏறிக்கொள்ளும். மூன்றாவதாக, வெட்டிய ஓரம் எளிதில் பிரியும். எனவே ஓரத்தை இருமுறை மடித்து அடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தத் துணியைத் தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்து, சுத்தப் பருத்தி என்ற சொல்லை நம்பி வாங்குவதில் உள்ள சிக்கல். சிறு பூக்களும் யானைக்குட்டிகளும் அச்சிட்ட அழகான துணி ஒன்றை, முழுக்கப் பருத்தி என்று கடைக்காரர் உறுதி கூறியதன் பேரில் வாங்கி வந்து, வீட்டில் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டியபோது அது உருகி முனையில் கறுப்பு முத்தாகத் திரண்டது. பருத்தி இழை காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் கடினமான முத்து உருவாகும். இந்தச் சோதனைக்கு ஒரு அங்குல இழை போதும் என்பதால், அரை மீட்டர் மாதிரி வாங்கிச் சோதித்த பிறகே மீதியை வாங்குவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். கலப்புத் துணியில் என்ன கேடு என்று கேட்பவர்களுக்கு ஜவுளித் துறையின் ஒரு கணக்கைச் சொல்லலாம்: இயல்பான சூழலில் நன்கு உலர்ந்த 100 கிராம் பருத்தி தன் இழைக்குள் ஏறத்தாழ 8.5 கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் என்றும், பாலியஸ்டர் வாங்குவது 0.4 கிராம் மட்டுமே என்றும் கொள்வது அத்துறையின் வழக்கம். நாள் முழுதும் வியர்வையும் எச்சிலும் சிறுநீருமாக இருக்கும் ஒரு சிறு உடம்புக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

பனியன் துணி வகையில் இன்டர்லாக் என்று விற்கப்படுவதைத் திருப்பூர் பக்கத்துக் கடைகளில் கிலோக் கணக்கிலேயே வாங்கலாம். மென்மையாகவும் இழுத்தால் இழுபடுவதாகவும் இருப்பதால் குழந்தைக்கு இதைவிடச் சுகமான துணி இல்லை என்றே சொல்வேன். ஆனால் சாதாரண நேர்த்தையல் மட்டும் போடும் கறுப்புத் தையல் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது ஏற்றதன்று. துணி இழுபடும்போது நேர்த்தையல் இழுபடாமல் நூல் அறுந்துவிடும். வளைந்து வளைந்து செல்லும் ஜிக்ஜாக் தையல் போடும் இயந்திரமும், நுனி மழுங்கிய பால் பாயிண்ட் ஊசியும் இருந்தால் மட்டுமே இதில் இறங்கலாம். சாதாரண ஊசி பின்னலின் கண்ணிகளை அறுத்து, இரண்டாம் துவைப்பில் தையல் ஓரமாகச் சிறு சிறு ஓட்டைகளைக் காட்டிவிடும்.

ஃபிளானல், ஃப்ளீஸ் ஆகிய கதகதப்பூட்டும் துணிகளை இணையத்தில் வரும் மேல்நாட்டுத் தையல் படங்களைப் பார்த்து வாங்குபவர்கள் அதிகரித்திருக்கிறார்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருக்கும் குழந்தைக்கென்றால் ஃபிளானல் சரி. சென்னைக்கும் மதுரைக்கும் அது வேண்டாம். ஃப்ளீஸ் எங்குமே வேண்டாம், பெரும்பாலும் அது முழுப் பாலியஸ்டர்.

இனிப் பொருள்களுக்கு வருகிறேன். நான் தைத்துக் கொடுத்தவற்றில் முதல் மதிப்பெண் பெறுவது முன்பக்கம் திறந்து பக்கவாட்டில் நாடா கட்டும் ஜப்லா. தலை நிற்க மூன்று, நான்கு மாதங்கள் ஆகும் குழந்தைக்குத் தலை வழியாகச் சட்டை போடுவது எந்தத் தாய்க்கும் எளிதன்று. முதல் குழந்தை என்றால் கை நடுங்கவே செய்யும். முன்பக்கம் திறக்கும் ஜப்லாவை விரித்து, அதன் மேல் குழந்தையைக் கிடத்தி, இரு கைகளையும் நுழைத்து, ஒரு பக்கத்தை மற்றொன்றின் மேல் மடித்துக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. தொப்புள்கொடி உதிரும் வரையிலான முதல் ஒன்றிரண்டு வாரங்களில், கீழே இறுக்கம் இல்லாத இந்த அமைப்பு அந்த இடத்தில் உராய்வதும் இல்லை. நாடா கட்டுவதால் கிடைக்கும் இன்னொரு பயன், குழந்தை பருக்கப் பருக்க மடிப்பைக் குறைத்துக்கொண்டே போகலாம் என்பது. பொத்தான் வைத்த சட்டை ஒரே அளவுக்குத்தான் பொருந்தும்.

ஆனால் நாடாவை எங்கே வைப்பது என்பதில் கவனம் தேவை. கடையில் விற்கும் ஜப்லாக்களிலேயே பல கழுத்துக்குப் பின்னால் நாடா கட்டுபவையாக இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் குழந்தை உடைகளின் கயிறு, நாடா ஆகியவற்றைப் பற்றிய இ.என். 14682 என்ற தர விதி, 7 வயது வரையிலான சிறுவர் உடைகளின் கழுத்துப் பகுதியில் இழுத்துக் கட்டும் கயிறு இருக்கவே கூடாது என்கிறது. கழுத்து இறுகும் ஆபத்தே காரணம். ஆகவே நான் ஒரு நாடாவை உட்புறம் அக்குளுக்குக் கீழேயும் மற்றதை வெளிப்புறம் இடுப்புக்கு மேலேயும் வைத்து, கட்டிய பின் முடிச்சுக்கு வெளியே மிகக் குறைவாகவே மிஞ்சும்படி குட்டையாக வெட்டுகிறேன். கடையில் சுருளாக விற்கும் சாட்டின் நாடா வழுக்கி அவிழ்வதோடு ஓரத்தில் சருமத்தைக் கீறவும் செய்கிறது. அதே மல் துணியில் ஒரு பட்டியை நான்காக மடித்து அடித்த நாடாவுக்கு அது ஈடாகாது. கழுத்து வளைவுக்கும் இப்படியே. ஆயத்தமாகக் கிடைக்கும் கிராஸ் பட்டி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்து விறைப்பாக இருக்கிறது. துணியை மூலைவாட்டில் மடித்து வெட்டி நாமே செய்துகொள்ளும் கிராஸ் பட்டி கழுத்தில் படிந்து உட்காருகிறது. அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மைதான்.

தையல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதும் சிந்திக்க வேண்டியதே. தையல் வகுப்புகளில் கற்றுத்தரும் பிரெஞ்சுத் தையல், வெட்டிய ஓரத்தை உள்ளே மறைத்துவிடுவதால் மல் துணிக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் அதனால் உண்டாகும் மேடு உள்பக்கம் வந்தால் மல்லாந்து படுக்கும் குழந்தையின் முதுகுப் பக்கத்தில் வரிவரியாகத் தடம் பதியும். அந்த மேட்டை வெளிப்பக்கம் விட்டுவிடுவதே சரி. பார்ப்பதற்குச் சட்டையை உள்வெளியாகப் போட்டதுபோல் தெரியும் என்று சில பெரியவர்கள் குறைசொன்னாலும், அணிபவரின் வசதிதான் இங்கே கணக்கு.

அளவு விஷயத்தில் ஒரு சொல். பிறந்த குழந்தையின் அளவுக்குத் தைப்பது வீண். பொதுவாகக் குழந்தை ஐந்து மாத அளவில் பிறந்த எடையைப் போல் இரு மடங்காகவும், ஓராண்டில் மூன்று மடங்காகவும் வளரும். முதல் மாதச் சட்டைகள் எப்படியும் வீட்டில் குவிந்திருக்கும். அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தை என்றால், 2015 இல் தமிழக அரசு தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தை நினைவில் கொள்ளலாம். அதன் 16 பொருள்களில் குழந்தைக்கான துவாலை, உடை, படுக்கை, கொசுவலை, நாப்கின் ஆகியவை இடம்பெற்றிருந்தன. நாம் கொடுப்பது அவற்றின் மறுபதிப்பாக இல்லாமல், மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை போடக்கூடியதாக இருந்தால், முதல் சட்டைகள் சிறுத்துப்போகும் நேரத்தில் சரியாகக் கைகொடுக்கும்.

இரண்டாம் இடம் சதுர நாப்கினுக்கு. இதைப் பரிசாகக் கொடுப்பதற்கே சிலர் கூச்சப்படுகிறார்கள்; ஆனால் நான் கொடுத்தவற்றில் இதற்காகத்தான் பின்னாளில் அதிகமாக நன்றி கேட்டிருக்கிறேன். கடையில் கிடைக்கும் வடிவம் தைத்த நாப்கின்களில் நடுவில் பல அடுக்குத் துணி இருப்பதால், அவை வேகமாக உறிஞ்சினாலும், துவைத்தால் நடுப்பகுதி காய்வதே இல்லை. சதுர மல் துணியையோ விரித்தால் ஒரே அடுக்கு, மடித்தால் வேண்டிய அளவு அடுக்கு. ஆண் குழந்தைக்கு முன்பக்கமும் பெண் குழந்தைக்கு நடுவிலும் கனம் வருமாறு மடித்துக்கொள்ளலாம். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை கூட மாற்ற நேரிடும் என்பதால் ஒன்றிரண்டாகக் கொடுப்பதில் பொருளில்லை, பன்னிரண்டாகவே கொடுக்க வேண்டும். இன்று எந்த வீட்டிலும் இரவுக்கும் பயணத்துக்கும் கடை டயப்பர் இருக்கத்தான் செய்யும், அதை நான் குறைசொல்லவும் இல்லை. பகலில் புண் ஆறவும் சருமம் காற்றாடவும் இந்தத் துணி வேண்டியிருக்கிறது. குழந்தை வளர்ந்த பின் இதே சதுரங்கள் முகம் துடைக்கவும், பிறகு அடுப்படியில் பிடிதுணியாகவும் பல ஆண்டுகள் உழைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் தாய்மாரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். துணி மென்மையாக்கும் திரவத்தை நாப்கினுக்கும் துவாலைக்கும் ஊற்றக் கூடாது. அது இழைமேல் ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்துவதால் துணி வாசனையாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. மஞ்சள் கறைக்கு ஏற்ற மருந்து வெயில்தான். மஞ்சளின் நிறம் வெயில் பட்டால் மங்குகிற தன்மையுடையது. தேங்காய் எண்ணெய்க் கறைக்குத்தான் வெந்நீரும் சோப்பும் தேவைப்படுகின்றன.

தோள் துணி, அதாவது பால் கொடுத்த பின் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கும்போது விரிக்கும் துண்டு, தைப்பதற்கு மிக எளியது. ஒருபுறம் இரட்டை மல்லும் மறுபுறம் மெல்லிய துவாலைத் துணியுமாக, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் நீளமும் இருந்தால் தோளின் முன்னும் பின்னும் போதுமான அளவு வழியும். இரு துணிகளும் ஒரே அளவில் சுருங்காததால், துவாலைத் துணியையும் முன்கூட்டி நனைத்து உலர்த்தாவிட்டால் துவைத்த பிறகு அப்பளம்போல் வளைந்துகொள்ளும். கனமான குளியல் துவாலையை வெட்டித் தைப்பவர்கள் ஊசியை மாற்றிக்கொள்வது அவசியம். மல்லுக்கு 11ஆம் எண் ஊசி போதும். துவாலைக்கு 14ஆம் எண்ணாவது வேண்டும்.

பிப் விஷயத்தில் என் மதிப்பீடு இரண்டுபட்டது. எச்சில் வழியத் தொடங்கும் மூன்று, நான்கு மாதங்களுக்கான சிறிய பிப், சட்டையின் கழுத்து நனைந்து புண்ணாவதைத் தடுப்பதால் பயனுள்ளதே. ஆறு மாதம் நிறைந்து கேழ்வரகுக் கூழும் பருப்புச் சாதமும் ஊட்டத் தொடங்கிய பின் துணிப் பிப் தோற்றுப்போகிறது. அப்போது கழுவித் துடைக்கக்கூடிய சிலிக்கான் பிப்பே மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கையால் தைத்தது என்பதற்காக எல்லாவற்றிலும் அதுவே சிறந்தது என்று வாதிடுவதில் எனக்கு விருப்பமில்லை. பிப்பை மூடும் முறையிலும் வேறுபாடு உண்டு. வெல்க்ரோ தைப்பதற்கு எளிது. ஆனால் அதன் முரட்டுப் பக்கம் துவைக்கும்போது மற்ற மல் துணிகளைப் பிடித்து இழுத்து நூலைக் கிளப்பிவிடுகிறது, நாளடைவில் பஞ்சும் முடியும் சேர்ந்து பிடிப்பையும் இழக்கிறது, தூங்கும் குழந்தையிடமிருந்து கழற்றும்போது எழும் சத்தத்தில் குழந்தை விழித்தும்விடுகிறது. உலோக டிச் பட்டன் துருப்பிடிக்கும். அழுத்துக் கருவியால் பொருத்தும் பிளாஸ்டிக் பொத்தான் இந்த மூன்றிலும் சிறந்தது; கழுத்து வளர்ச்சிக்கு ஏற்ப இரண்டு இடங்களில் பொருத்திவிடலாம். இறுக்கி இழுத்தால் தானே விடுபடும் என்பது கழுத்துப் பகுதியில் ஒரு பாதுகாப்பும்கூட. அதற்கான இடுக்கியை ஒரு முறை வாங்கினால் நெடுநாள் வரும்.

கையால் தைத்து ஒட்டும் அழகுப் பொத்தான், மணி, பாசி, கண்ணாடிச் சில் ஆகியவை குழந்தைப் பொருளில் எங்குமே இருக்கக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கான பொருள்களைச் சோதிக்க அமெரிக்காவில் பயன்படுத்தும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கருதப்படுகிறது. நம் வீட்டு ஊசிப்பெட்டியில் இருக்கும் எந்தப் பொத்தானும் அந்தக் குழாய்க்குள் அடங்கிவிடும். அழகு வேண்டுமென்றால் நூலால் சங்கிலித் தையல் போட்டுக்கொள்ளலாம், பின்புறம் தொங்கும் நூல்களை மறைத்து உள்ளே ஒரு துணி அடித்துவிட வேண்டும்.

தொங்கும் நூல் என்றதும் கையுறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. குழந்தை முகத்தைக் கீறிக்கொள்கிறது என்று எல்லோரும் தைக்கச் சொல்லிக் கேட்பது இதைத்தான். நான் இப்போது மறுத்துவிடுகிறேன். கையுறைக்குள் பிரிந்து கிடக்கும் ஒரு நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடக்கூடும் என்பது மருத்துவர்கள் பதிவுசெய்துள்ள ஆபத்து. உறைக்குள் மறைந்திருப்பதால் குழந்தை ஏன் அழுகிறது என்பதும் உடனே தெரியாது. நகத்தை வெட்டிவிடுவது இதைவிடச் சுலபம். தொப்பியும் ஏறக்குறைய வீண் செலவு. பிறக்கும்போது 34, 35 சென்டிமீட்டர் இருக்கும் தலைச் சுற்றளவு ஓராண்டில் சுமார் 46 சென்டிமீட்டர் வரை வளர்கிறது, அந்த வளர்ச்சியில் பாதி முதல் மூன்று, நான்கு மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. ஆசையாகத் தைத்த தொப்பி சில வாரங்களில் சிறுத்துப்போகும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் போடச் சொன்னால் மட்டும் அது தேவை.

தலையணையும் தொட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பும் பார்க்க மிக அழகாக இருப்பவை, படத்தில் அதிகம் பகிரப்படுபவை, கொடுக்கவே கூடாதவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022 இல் புதுப்பித்த உறக்கப் பாதுகாப்பு நெறிகளில், ஓராண்டு வரை குழந்தை சமதளமான உறுதியான படுக்கையில் மல்லாந்து தூங்க வேண்டும் என்றும், அருகில் தலையணை, மென்போர்வை, தடுப்பு மெத்தை எதுவும் வேண்டாம் என்றும் கூறுகிறது. அதே ஆண்டு அந்நாட்டில் நிறைவேறிய சட்டம் தொட்டில் தடுப்பு மெத்தைகளின் விற்பனையையே தடைசெய்துவிட்டது. தலை உருண்டையாக வரட்டும் என்று நம் வீடுகளில் கடுகு நிரப்பித் தைக்கும் தலையணையும் இந்த விலக்கில் அடங்கும். தலையை வடிவமைப்பதாகச் சொல்லும் குழந்தைத் தலையணைகளை எதிர்த்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் எச்சரிக்கையே விடுத்தது. பெரியவர்கள் கேட்டால் மறுப்பது கடினம் என்பதை அறிவேன். கடுகுத் தலையணைக்குப் பதிலாகக் குழந்தையைச் சுற்ற ஒரு மல் துணியை நீட்டினால் பெரும்பாலும் பேச்சு அடங்கிவிடுகிறது.

அந்தச் சுற்றுத்துணி, ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான சதுர மல் துணியின் ஓரத்தை மடித்து அடித்தது, அவ்வளவே. வண்ண வண்ணமாகச் சிப் வைத்து, பூச்சிக் கூடுபோல் குழந்தையை அடைக்கும் உறைகள் கடைகளில் கிடைக்கின்றன. காலை நீட்டி நெருக்கிக் கட்டுவது இடுப்பு மூட்டின் வளர்ச்சிக்கு நல்லதன்று என்று எலும்பு மருத்துவர்கள் கூறுவதால், தளர்வாக விரிக்கவும் மடிக்கவும் முடிகிற வெறும் சதுரத்தையே நான் விரும்புகிறேன். வெயிலுக்குத் திரை, பேருந்தில் பால் கொடுக்க மறைப்பு, மடியில் விரிப்பு என்று அது பல வேலைக்கு உதவும்.

தூளிக்கெனத் தனியாகத் தைப்பதற்கு ஒன்றுமில்லை. நல்ல நூல் சேலைக்கு மிஞ்சிய தூளி இல்லை. வளையமும் கொக்கியும் வைத்துத் தைத்துத் தரச் சொல்பவர்கள் உண்டு; உயிர் தொங்கும் பாரத்தை வீட்டு இயந்திரத்தின் தையலை நம்பி விடுவதற்கு நான் உடன்படுவதில்லை.

ஈரம் தாங்கும் விரிப்பு ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்லலாம், ஏனெனில் இதில் சந்தைச் சரக்கு உண்மையாகவே முன்னேறியிருக்கிறது. முன்பு மருந்துக்கடையில் வாங்கும் ரப்பர் ஷீட்டைத்தான் மெத்தைமேல் விரிப்போம். கோடையில் அது வெந்து ஒட்டும். இப்போது மெல்லிய பின்னல் துணியின் ஒரு பக்கத்தில் பாலியூரிதேன் படலம் ஒட்டிய துணி மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. மடிக்கலாம், துவைக்கலாம், ஒட்டுவதும் குறைவு. மேலே மல்லோ இன்டர்லாக்கோ வைத்து, இந்தத் துணியின் படலப் பக்கம் உள்ளே வருமாறு அடித்தால் பயணத்துக்கேற்ற விரிப்பு கிடைக்கும். இதைத் தைப்பவர்கள் குண்டூசி குத்தவே கூடாது; ஒவ்வொரு குத்தும் ஒரு ஒழுகும் துளை. ஓரத்தைத் துணிக்கிளிப்பால் பிடித்துக்கொண்டு, தையலை நீளமாக வைத்து, ஓரத்தில் ஒரே வரி மட்டும் போட வேண்டும். படலத்தின் மேல் நேரடியாக இஸ்திரிப் பெட்டி படக் கூடாது என்பதைப் பெறுபவருக்கும் சொல்லிவிட வேண்டும். விலை மல்லைவிடப் பன்மடங்கு அதிகம் என்றாலும், வேலைக்குத் திரும்பும் தாய்க்கு இதுவே ஏற்ற பரிசு.

தையல் இயந்திரம் புதிதாக வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: இன்டர்லாக்கைத் தவிர இங்கே பாராட்டிய எல்லாவற்றையும் பாட்டி காலத்து மிதி இயந்திரமே செய்துமுடிக்கும். எண்ணெய் விட்ட பின் ஒரு பழந்துணியில் நீண்ட வரியாகத் தைத்துப் பார்த்து, கறை விழவில்லை என்று உறுதியான பிறகே வெள்ளை மல்லை அதன் கீழ் வைக்க வேண்டும். நூல் மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயரில்லாத கண்டுகளை வாங்குவது வேண்டாம். சாயம் இறங்கும், பஞ்சு உதிர்ந்து பாபின் கேஸை அடைக்கும்.

குழந்தை பிறப்பதற்கு முன் எதையும் வாங்கவோ தைக்கவோ கூடாது என்று எண்ணும் குடும்பங்களில், துணியை மட்டும் வாங்கி நனைத்து உலர்த்தி வைத்துக்கொண்டு, செய்தி வந்தபின் வெட்டினால் தொட்டில் போடும் நாளுக்குள் தாராளமாக முடித்துவிடலாம். ஒரு முழுத் தொகுப்புக்கு 44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள மல் துணி எட்டு மீட்டர் போதும்: மூன்றரை மீட்டரில் பன்னிரண்டு நாப்கின், இரண்டேகால் மீட்டரில் இரண்டு சுற்றுத்துணி, இரண்டு மீட்டரில் நான்கு ஜப்லாவும் அவற்றுக்கான நாடாப் பட்டிகளும். மிஞ்சும் கால் மீட்டர் தோள் துணியின் மேல்பக்கத்துக்கு ஆகும். எல்லாவற்றையும் தைத்து முடித்த பின் இன்னொரு முறை மணமில்லாத சோப்பில் அலசி, வெயிலில் உலர்த்தி, பளபளக்கும் காகிதத்தில் சுற்றாமல் சுற்றுத்துணி ஒன்றிலேயே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால், வாங்கிய அன்றே எடுத்துப் பயன்படுத்திவிடுவார்கள்.